இரைச்சலோடு குரலையும் துடைத்துவிட்டீர்கள்: புதுவைத் திரையிடல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், படத்தைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தயார் செய்த தம்பிக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரியில் நீங்கள் போட்டுக் காட்டியது 1937-ல் வந்த, எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் பாடிய ‘அம்பிகாபதி’ படம் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு எதையோ காட்டினீர்கள். அதோடு போயிருந்தால் வீட்டுக்கு வந்து நாலு நாள் புலம்பிவிட்டு நானும் விட்டிருப்பேன். ஆனால் படம் முடிந்ததும் மேடையேறி, இனி இந்த வடிவத்தைத்தான் கல்லூரிகளுக்குக் கொடுக்கப்போகிறோம், இதே மாதிரி இன்னும் ஐந்து ஆரம்பகாலப் பேசும்படங்களை இன்றைய ரசிகர்களுக்காகச் சுத்தம் செய்யப்போகிறோம் என்று அறிவித்தீர்கள். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு அப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். 32 வருஷம் சினிமா ஆப்பரேட்டர் வேலை, பாதி கடலூரில், பாதி புதுச்சேரியில். எனக்கு முன்னால் என் அப்பா நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் மிஷின் ஓட்டியவர். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் கிடையாது, ஆனால் பிலிமைக் கையால் தெரியும். ரீலைச் சுற்றும்போது ஓரத்தில் விரலை வைத்திருந்தாலே எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எங்கே ஓரத்துத் துளை கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அன்றைக்கு என்னோடு என் அத்தையும் வந்திருந்தார். வயது 86, முழங்கால் வலி. கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் எவ்வளவு தூரம்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பத்துப் பன்னிரண்டு வயசில், தன் அண்ணன் மிஷின் ஓட்டிய கீற்றுக் கொட்டகையில், தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி அதன் மேல் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தவர். பாட்டெல்லாம் மனப்பாடம். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறார், அட்டை போய்விட்டது, வெள்ளை நூல் போட்டுத் தைத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டிருக்கிறார். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் படம் பார்க்க உட்கார்ந்தார்.

முதல் பாட்டு வந்தது. அத்தை தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், உதடு அசைந்தது. பல்லவி ஆயிற்று, அனுபல்லவி ஆயிற்று, சரணத்துக்கு அவர் வாயெடுக்கும்போது திரையில் வேறு காட்சி வந்துவிட்டது. தூக்கிய கை அப்படியே தொடைக்கு மேலே நின்றது. திரும்பி என்னைப் பார்த்து, “கரண்டு போயிடுச்சாடா?” என்று கேட்டார். வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பாட்டிலும் அதே கதை. அதற்கடுத்து அவர் எதிர்பார்த்த பாட்டு வரவே இல்லை. அப்புறம் அவர் தாளம் போடவில்லை. புத்தகத்தை உறைக்குள் போட்டுப் பையில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பென்சிலால் குறித்தேன். ஏழு பாட்டு அடியோடு இல்லை. மிச்சமெல்லாம் பல்லவியும் அனுபல்லவியும்தான். அந்தக் காலத்துப் படங்களில் 18,000 அடி, 20,000 அடி என்பது சாதாரணம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். நீங்கள் காட்டியது 1 மணி 50 நிமிஷம். அம்பிகாபதி கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. கம்பர் மகனுக்குச் சோழ ராஜாவின் மகள் அமராவதி மேல் காதல், சிருங்காரம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடு, இல்லாவிட்டால் தலை போகும் என்பது நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, நூறு முடிந்ததென்று ஒரு பாட்டுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடுகிறாள். ஒரு பாட்டுக் குறைந்து உயிர் போன கதை. இந்தக் கதையை எடுத்த படத்திலா கத்தரியை வைப்பது?

வெளியே வந்ததும் தம்பியைப் பார்த்துக் கேட்டேன், பாட்டெல்லாம் எங்கே தம்பி என்று. “சார், முழுசா போட்டா யாரு சார் உக்காந்து பாப்பாங்க?” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த உழைப்பை எதில் போடுவது என்று பெரியவர்கள் நீங்கள் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

பழைய படத்தில் வரும் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலை எடுக்கிறேன் என்று சாப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். இரைச்சல் போனது வாஸ்தவம். கூடவே, பாகவதர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு இழுக்கும் மூச்சும் போனது. ‘ச’ எல்லாம் மழுங்கிவிட்டது. மேல் ஸ்தாயியில் குரல் இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நிற்க வேண்டிய இடத்தில், கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி கேட்டது. போதாதென்று பேசுகிற காட்சிகளுக்கெல்லாம் கீபோர்டில் வயலின் சத்தம் வைத்துப் பின்னணி இசை சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் காலப் படத்தில் இரண்டு பேர் பேசிவிட்டு ஒரு கணம் சும்மா நிற்பார்கள், அந்த இடத்தில் அந்த அறையின் சத்தம் கேட்கும். ஷாட் மாறினால் இரைச்சலும் மாறும். இது வேறு நாள் எடுத்தது, இது வேறு மூலையில் மைக்கை வைத்து எடுத்தது என்று காது கண்டுபிடித்துவிடும். அதையெல்லாம் மூடி மெழுகிவிட்டீர்கள்.

அந்தச் சத்தம் எப்படி உண்டானது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது, பம்பாயில் எடுத்தது, அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். மூன்று வருஷத்துக்குச் சென்னையில் ஒரு ஒலிப்பட ஸ்டுடியோ கிடையாது, கம்பெனி கம்பெனியாகப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். 1934-ல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஸ்டுடியோ வைத்து ‘சீனிவாச கல்யாணம்’ எடுத்தபோது ஒலிப்பதிவைக் கற்றுக்கொண்டு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. இன்றைக்கு எந்தப் பையனும் கையில் வைத்திருக்கும் போனில் உள்ள வசதி அன்றைக்கு அந்த அம்மாவுக்கு இல்லை. பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடு தமிழில் 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால், நடிப்பவர்தான் பாட வேண்டும். கேமராவுக்குத் தெரியாமல் மைக், அதற்கும் எட்டுகிற தூரத்தில் வாத்தியக்காரர்கள், நடுவில் நின்று ஒரே மூச்சில் பாட வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. ‘பவளக்கொடி’ எடுத்தபோது வெயில் வெளிச்சத்தில் ஷூட்டிங், சாப்பாட்டு நேரம் முடிந்தால் காக்கை கூடிக் கத்தும், அதை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளையே வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் காக்கையோடு சண்டை போட்டுப் பிடித்த சத்தம் அது.

என் அப்பா பாகவதர் படம் ஓட்டும்போது ஸ்டூலில் உட்காரமாட்டார். ஏன் என்று சின்ன வயசில் எனக்குப் புரிந்ததில்லை, பக்கத்தில் நின்று பழகின பிறகுதான் தெரிந்தது. நடிகர் மைக்குக்குக் கிட்டே வந்தால் சத்தம் ஓங்கும், ஒரு தப்படி விலகினால் தேயும், முகத்தைத் திருப்பினால் இன்னும் தேயும். அப்பா வலது கையை வால்யூம் திருகின் மேலேயே வைத்திருப்பார். எந்த வசனத்துக்கு ஏற்ற வேண்டும், எந்தப் பாட்டின் எந்த அடியில் இறக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். வால்வு ஆம்ப்ளிபயர், பக்கத்தில் போனாலே அனல் அடிக்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அந்த வெக்கையில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டு, வெளியே கடைசி வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் வசனம் கேட்க வேண்டுமே என்று திருகிக்கொண்டே இருப்பார். எங்களுக்கு இருந்தது ஒரே மிஷின், ரீலுக்கு ரீல் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஜனங்கள் அந்த நேரத்தில் கலர் குடிப்பார்கள், முறுக்குத் தின்பார்கள், பாதியில் நின்ற பாட்டைத் தாங்களே பாடி முடிப்பார்கள். அந்தப் பொறுமை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை.

படம் தொடங்கும் முன்னால் உங்களில் ஒருவர் முன்னுரை பேசினார். கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும், எல்லோரும் உரக்கப் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். படத்தில் வசனம் வந்ததும் பின்னால் இருந்து சிரிப்பு. அந்த முன்னுரை சிரிக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஐயா, இந்த ஊரில் நின்றுகொண்டா அதற்கு மன்னிப்புக் கேட்பது? நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண்மூடியது இதே புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது, நாடகக்காரர்கள் இன்றைக்கும் அங்கே வந்து மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வருஷா வருஷம் புதுச்சேரி அரசு சினிமாவுக்குக் கொடுக்கும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசியில் நிற்கிறவன் வரைக்கும் எழுத்துக் குறையாமல் குரல் போக வேண்டும் என்று சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த மரபு அது. ‘பவளக்கொடி’, ‘வள்ளி திருமணம்’ எல்லாம் முதலில் அவர் மேடைக்கு எழுதிய நாடகங்கள், அப்புறம்தான் பேசும்படம். அந்த மேடையிலிருந்து நேராக மைக்குக்கு முன்னால் வந்து நின்றவர்கள், குரலை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஒவ்வொரு படமாகப் பேசிப் பேசித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு நம் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. ஒரு காட்சியில் நாடக மேடை ராஜபார்ட் மாதிரி முழங்கியவர் இன்னொரு காட்சியில் குரலைத் தாழ்த்திப் பார்க்கிறார். அந்த இடம் வரும்போது எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும். உங்கள் சாப்ட்வேர் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டது, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் சின்ன வயசிலேயே போய்விட்டார். அவர் குரலை நாம் இசைத்தட்டில்தான் கேட்கிறோம், அவர் எப்படி நின்றார், பாடும்போது கை எங்கே போனது என்று பார்க்க வழியே இல்லை. பாகவதருக்கு அந்த வழி இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குவதையும் வாயின் அசைவையும் குரலையும் சேர்த்துப் பார்க்கலாம். இருக்கிற அந்த ஒரு வழியில்தான் மூச்சை எடுத்துவிட்டீர்கள்.

இந்தப் படத்தை எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காக்காரர், 1935-ல் இந்தியாவுக்கு வந்தவர், தமிழ் தெரியாது. இளங்கோவன் எழுதிய வசனத்தைக் காதால் கேட்டு, நடிகர் முகத்தைப் பார்த்து எடுத்தவர். அதே டங்கன் 1940-ல் எடுத்த ‘காளமேகம்’ படத்துக்கு எழுதியவர் நம்ம ஊர்ப் பாவேந்தர் பாரதிதாசன், பெருமாள் கோயில் தெரு வீட்டுக்காரர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதில் நடித்தார். பாவேந்தரின் ‘எதிர்பாராத முத்தம்’தான் 1950-ல் ‘பொன்முடி’யாக வந்தது, அதற்கும் டங்கன்தான். ஆக, இந்த ஊருக்கும் அந்த மனிதருக்கும் உறவு உண்டு. உங்கள் முன்னுரையில் இதில் ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பு மட்டும் இருந்தது.

படத்தின் சட்டத்தை, அதாவது திரையில் தெரியும் அளவை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலப் படம் கிட்டத்தட்ட சதுரம், அகலம் கொஞ்சம்தான் கூட. அதை இன்றைய டிவி அளவுக்கு நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். ராஜாவின் கிரீடம் பாதியில் நிற்கிறது. நின்று பாடுகிறவருக்கு முழங்காலுக்குக் கீழே காணோம். மேடையில் நிற்கிற மாதிரி தலை முதல் கால் வரைக்கும் ஆளைக் காட்டி எடுத்த படம், அந்த உருவத்தின் நிலைதான் நடிப்பே. இரண்டு பக்கமும் கறுப்பு விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நான் எதையும் தொடக்கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. பிலிமின் மேல் இருக்கிற கோடு, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, ஒட்டு, இதெல்லாம் எங்களை மாதிரி ஆப்பரேட்டர்கள் போட்டது. அதைத் துடையுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அறுந்த இடத்தில் நாலு பிரேம் வெட்டி ஒட்டுவோம். சத்தம் பிலிமில் படத்துக்கு 20 பிரேம் தள்ளி இருக்கும், அதனால் படம் முதலில் குதிக்கும், முக்கால் வினாடி கழித்துச் சத்தம் குதிக்கும். ஒட்டு, சத்தத்தைப் படிக்கும் விளக்கைக் கடக்கும்போது ‘டப்’ என்று வெடிக்கக்கூடாது என்று சவுண்ட் டிராக்கின் மேல் கறுப்பு மையால் சின்னதாக ஒரு முக்கோணம் போடுவோம். அப்பா அதற்கென்றே ஈர்க்குச்சியைச் சீவி வைத்திருப்பார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி அந்த முக்கோணத்தை வரைவார். இத்தனை பாடு எதற்கு? பாடுகிறவர் குரலில் கீறல் விழக்கூடாது என்பதற்கு. காலம் போட்ட அழுக்கு வேறு, எடுத்தவர்கள் விட்ட சத்தம் வேறு. வெடிப்பையும் கரகரப்பையும் எடுங்கள். அறையையும் மூச்சையும் அமைதியையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் பிரிக்கக் காது வேண்டும், காது பழக வயசானவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். தம்பி கூப்பிட்டிருந்தால் நான் பஸ் ஏறி வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

இளைஞர்கள் பார்க்கமாட்டார்கள் என்கிறீர்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன வாரம் அத்தை அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, துடைக்காத பாட்டு ஒன்றை என் போனில் போட்டுக் காட்டினார். இரைச்சல், கரகரப்பு எல்லாம் இருந்தது. முதல் அரை நிமிஷம் முகத்தைச் சுளித்தாள், அது உண்மை. அப்புறம் போனைக் காதுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும், “தாத்தா, பாடுறதுக்கு முன்னாடி யாரோ தொண்டையச் சரி பண்ற மாதிரி கேட்டுச்சே, அது அவரேவா?” என்றாள். எனக்கு அறுபத்தாறு வயசு, அந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அது என் காதில் விழுந்ததே இல்லை. திரும்பப் போட்டுக் கேட்டோம், இருந்தது. உங்கள் வடிவத்தைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே வராது.

இந்தப் படங்கள் எத்தனை கை தாண்டி வந்திருக்கின்றன என்று பாருங்கள். ‘காளிதாஸ்’ படம் இன்று நம்மிடம் இல்லை, விளம்பரமும் பாட்டுப் புத்தகமும் வைத்துத்தான் பேசுகிறோம். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தீப்பெட்டி மாதிரி, பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூட விடமாட்டார்கள், மிஷினுக்குப் பக்கத்தில் மணல் வாளியும் ஈரச் சாக்கும் இல்லாமல் அப்பா ஒரு காட்சியும் ஓட்டியதில்லை. எரிந்தது போக, வெள்ளி எடுக்கிறோம் என்று கரைத்தது எவ்வளவோ. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான், பேசும்படம் வந்து 33 வருஷம் கழித்து. அங்கேயும் 2003 ஜனவரியில் தீ, பழைய நைட்ரேட் படங்கள் போய்விட்டன. இத்தனைக்கும் தப்பி வந்த படத்தை நாமே நம் கையால் குறைக்கலாமா?

கேட்க வேண்டியதை நேராகக் கேட்டுவிடுகிறேன். இந்த 1 மணி 50 நிமிஷ வடிவத்தைக் கல்லூரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கும் முடிவை நிறுத்துங்கள். ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். சுருக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், முதல் காட்சியிலேயே ‘இது சுருக்கம், சத்தமும் சட்டமும் மாற்றப்பட்டவை, முழுப்படம் வேறு’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தீர்களோ அதில் கைவைக்காமல் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஒன்று புதுச்சேரியில், ஒன்று வேறு ஊரில். தம்பியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அடுத்த ஐந்து படங்களின் வேலையை இப்போதைக்கு நிறுத்திவைத்து, பழைய ஆப்பரேட்டர்கள் இரண்டு மூன்று பேர், பாட்டுத் தெரிந்தவர் ஒருவர், நாடகக்காரர் ஒருவர் என்று கூட உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள். காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும், கடலூரிலும் முத்தியால்பேட்டையிலும் என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் கூட்டி வருகிறேன். மூடிப்போன தியேட்டர்களின் மாடி அறைகளில் பாட்டுப் புத்தகமும் போஸ்டரும் உடைந்த ரீல் டப்பாவும் இன்னும் கிடக்கின்றன. இடிக்கிறவர்கள் எடைக்குப் போடும் முன்னால் உங்கள் குழுவின் பெயரில் போய்க் கேளுங்கள். தனி ஆளாகப் போனால் என்னை வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ‘அம்பிகாபதி’யை ஒரு தடவை முழுதாகப் போடுங்கள். வெட்டாமல், கீபோர்டு இல்லாமல், இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, இருக்கிற இரைச்சலோடு. முன்னுரையில் மன்னிப்பு வேண்டாம், சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் டங்கனைப் பற்றியும் ஐந்து நிமிஷம் பேசினால் போதும். நடுவில் இரண்டு இடைவேளை விடுங்கள், வயசானவர்கள் எழுந்து போய் வர வேண்டும். பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள், அத்தையின் புத்தகத்தை நான் கொண்டுவந்து தருகிறேன், ஆனால் பக்கத்தில் நின்று எடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் போவேன். வால்யூம் திருகுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அந்த வேலையை எனக்குக் கொடுங்கள்.

இந்த மாசம் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள், அடுத்த படத்தின் வேலையைத் தொடங்கும் முன்னால். போடுவதென்றால் கீழ்த்தளத்தில் போடுங்கள். போன தடவை மாடிப்படி ஏற அத்தைக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.